அரைப்புள்ளி

கோயில் ஏட்டில்
கல்யாணமான இருவர் சேர்ந்து ஒரு புள்ளி.
வயிரவன் போன வருஷம்
புள்ளி வரி ரசீதில் என்னைப் பாதியாக எழுதினார்கள்,
தொகையும் பாதி.
ஆகவே எண்ணப்படுவது எனக்குப் புதிதல்ல.
அந்த ஏட்டுக்கு என் பேர் போதும்.
ராத்திரி என்ன தேடினேன் என்று அது கேட்டதில்லை.

பள்ளத்தூர் ஸ்டேஷனில் மின்விசிறிக்கு
ஒரு றெக்கை வளைந்திருந்தது.
"ஆச்சி, ஒரு கம்ப்ளெய்ண்ட். உக்காருங்க."
மேல ஊருணிக் கரையில், விடிய ஐந்தே முக்காலுக்கு,
குழாயை இறக்கி நின்ற லாரி. நம்பர் பிளேட் பளிச்சென்று.
நான் போட்ட படம்.
கீழே ஒரே வரி:
குடிக்கிற தண்ணியில யார் வீட்டுக் கக்கூஸ்?
பொது அமைதிக்குக் குந்தகம் என்று
ரைட்டர் சேவுகப்பெருமாள் முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தார்.
லாரி ஒரு பெரும்புள்ளியுடையது
என்பதை மட்டும் எழுதவில்லை.

"போனைக் குடுங்க. பேட்டர்ன்?"

மூன்று வரிசை, ஒன்பது புள்ளி.
தினம் வாசலில் இழுக்கிற கைதான்,
அன்று இரண்டு தரம் தப்பியது.
அவர் பார்த்துக்கொண்டார்.
பிறகு தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார்,
புதுசாய் எழுத்துப் பழகும் பிள்ளைபோல
நாக்கைக் கடித்துக்கொண்டு.
திறந்தது.

எங்கள் வீட்டைப் பார்த்திருப்பீர்கள், சினிமாவிலாவது.
முன்வாசலில் நின்றால் ஐந்து நிலை தாண்டி
பின்தெருவில் போகும் ஆடு தெரியும்.
ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள் கட்டிய வீடு என்று
டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்கிறார்கள்.
வளவின் இரு பக்கமும்
புள்ளிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு.
அதைச் சொல்வதில்லை.
மாமியாரே ஆனாலும் தட்டிவிட்டு வெளியில் நிற்க வேண்டும்.
ஆயிரம் பேர் பந்தியில் உட்கார்ந்து எழுந்த வளவு அது,
ஒருத்தரும் ஒரு பூட்டைத் திறக்கச் சொன்னதில்லை.

"ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா என்ன ஆச்சி பயம்?"
எஸ்.ஐ. நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்தார்.

போனில் இருந்ததைச் சொல்கிறேன்.
மருந்துக்கடைக் கணக்கு. லாரி.
பினாங்கிலிருந்து மகள் கோபத்தில் பேசி அனுப்பியது,
நான் இன்னும் முழுசாகக் கேட்காதது.
அப்புறம் மூன்று படங்கள்,
மதுரை டாக்டரம்மா கேட்டாள் என்று
குளியலறைக் கண்ணாடி முன் நானே எடுத்தவை.
இடது மார்பு.
கட்டி தட்டுப்படும் இடத்தில்
பேனாவால் ஒரு புள்ளி.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் மெய்
என்று ஒன்றாம் வகுப்பில் படித்தது.
மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு.
இரண்டும் ஒரே போனில் இருந்தன.
இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு
நம்பர் ஒட்டினார்கள்.

நாற்பத்தொரு நாள் கழித்துத் திரும்பி வந்தது.
கேஸ் இல்லை, எச்சரிக்கை மட்டும்.
சார்ஜ் நூறு சதவீதம்.
யாரோ அக்கறையாக ஏற்றியிருக்கிறார்கள்.

கட்டி வெறும் கொழுப்பு என்று அதற்குள் தெரிந்துவிட்டது,
டாக்டரம்மாவுக்கும் எனக்கும்.
வேறு யார் யாருக்கு என்று தெரியாது.
அல்சர் மாத்திரை வாங்க வரும் காக்கிச் சட்டைகளின்
கண்ணைப் பார்த்துவிட்டுத்தான்
இப்போதெல்லாம் மீதிச் சில்லறை கொடுக்கிறேன்.

லாரி நேரத்தை மாற்றிவிட்டது.
நாலரைக்கு வருகிறது, விளக்கை அணைத்துக்கொண்டு.
நானும் பேட்டர்னை மாற்றிவிட்டேன்.

இன்று கரைக்குப் போனேன்.
படம் மங்கல், நம்பர் தெரிகிறது.
கீழே ஒரு வரி எழுதி,
முற்றுப்புள்ளி விழ வேண்டிய இடத்தில்
கோயில் எனக்குக் கொடுத்ததை வைத்தேன்;